பேதி நின்றது, முதுகு பிடித்துக்கொண்டது

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு சாயங்காலம் சில்வர் பீச்சில் மீன் வறுவல் சாப்பிட்டது, ராத்திரி 2 மணிக்கு ஆரம்பித்து விடிவதற்குள் 9 தடவை. காலையில் மருந்துக்கடைக்குப் போனேன். பேதி மாத்திரை என்று கேட்டால் இன்னும் போக வைக்கிறதைக் கொடுத்துவிடுவார்களே என்று பயந்து, ‘நிக்கிறதுக்கு’ என்று அழுத்திச் சொல்லி வாங்கினேன். லோப்பரமைடு 2 மில்லிகிராம் கேப்சூல், முதலில் இரண்டு, அப்புறம் ஒவ்வொரு தடவை போன பிறகும் ஒன்று. மத்தியானத்துக்குள் நாலு போட்டேன், நின்றுவிட்டது. மறுநாள் எழுந்தால் இடுப்புக்கு மேலே பலகை வைத்துக் கட்டின மாதிரி இருக்கிறது. குனிந்து வாளியைத் தூக்க முடியவில்லை, செருப்பைக் காலாலேயே துழாவி மாட்டுகிறேன். மாத்திரை செய்த வேலையா இது? யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

திருப்பாதிரிப்புலியூர்
அண்ணா, நாலுக்கு மேல் போடாதீங்க, டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளைக்கு அதுதான் அளவு. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அந்தக் கேப்சூலையே தொடக்கூடாது. கூட ஆன்டிபயாட்டிக் ஏதாவது கொடுத்தார்களா? எனக்குப் போன வருஷம் ஆஃப்லாக்சசின் கலந்த மாத்திரை போட்டு மூன்றாம் நாள் குதிகால் நரம்பு சுண்டி இழுத்தது, டாக்டர் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
வாந்தி இருந்ததா என்று முதலில் சொல்லுங்க. என் தம்பிக்கு 19 வயசு, பேதியோடு வாந்தியும் இருந்ததால் மெட்டோகுளோப்ரமைடு போட்டான், சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு முதுகு வில் மாதிரி வளைந்து கண் மேலே செருகிவிட்டது. அம்மா காத்துக் கருப்பு என்று வேப்பிலை ஒடிக்கப் போய்விட்டார், நான் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா இவனைப் பார்த்த மாத்திரத்தில், ‘வாந்திக்கு என்ன போட்டீங்க?’ என்றுதான் கேட்டார். ப்ரோமெத்தசின் ஊசி ஒன்று, அரை மணி நேரத்தில் உடம்பு தளர்ந்து, பசிக்குது என்றான். சின்ன வயசுக்காரர்களுக்குத்தான் இது அதிகம் வருமாம். அம்மா இன்னமும் வேப்பிலையால்தான் சரியானது என்கிறார், அது வேறு கதை.

மஞ்சக்குப்பம், கடலூர்
வாந்தி இல்லை அக்கா. குப்பைக்கூடையில் அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன், கேப்சூல் மட்டும்தான். நேற்று டாக்டரிடமும் போய்வந்தேன். இந்த மருந்து குடலின் அசைவைத்தான் குறைக்கும், முதுகுத் தசையை நேராகப் பிடிக்காது, ஆனால் மலம் கட்டிவிட்டால் கீழ்முதுகு வலிக்கும் என்றார். எனக்கு மூன்று நாளாகப் போகவே இல்லை! அதோடு, அவ்வளவு தண்ணி வெளியே போயும் நான் குடித்தது இரண்டு டம்ளர் கடுங்காப்பிதான். உப்பும் பொட்டாசியமும் இறங்கினால் தசை இழுக்கும் என்று ஓஆர்எஸ் எழுதிக் கொடுத்தார். அதையும் நான் ஒரு டம்ளரில் முழுப் பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கி வைத்திருந்தேன், ஒரு லிட்டருக்கு ஒன்று என்று பொட்டலத்திலேயே போட்டிருப்பதை மனைவி காட்டினாள்.

இன்று காலையில் போனது. முதுகும் முக்கால்வாசி இளகிவிட்டது. எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. வாளியை மட்டும் இன்னும் மச்சான்தான் தூக்குகிறான், அதைக் கொஞ்ச நாள் அப்படியே விடலாம் என்று இருக்கிறேன்.