மறு: எஸ்இஓ-வுக்குத் தமிழ்ச்சொல்: ‘உகப்பாக்கம்’ விட்டுத் ‘துலக்கம்’?

> வணிகத் தளம் கட்டும் மென்பொருள் ஒன்றின் அமைப்புப் பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எஸ்இஓ (தளம் தேடுபொறிகளில் நன்றாகத் தெரியும்படி செய்யும் வேலை) என்ற தாவலுக்குத் ‘தேடுபொறி உகப்பாக்கம்’ என்று போட்டேன். சோதித்துப் பார்த்த இருவர் அந்தத் தாவலைத் திறக்கவே இல்லை. தேடுபொறிக்காரர்கள் பார்த்துக்கொள்ளும் வேலை என்று விட்டுவிட்டார்களாம். வேறு சொல் உண்டா?

வணக்கம். அந்த இருவரும் சொல்லைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். ‘சாலைச் சீரமைப்பு’ என்றால் சீராவது சாலை. ‘நூல் பதிப்பு’ என்றால் பதிக்கப்படுவது நூல். அந்தக் கணக்கில் ‘தேடுபொறி உகப்பாக்கம்’ என்றால் உகப்பாவது தேடுபொறி. கூகுளையும் பிங்கையும் உகப்பாக்குவது நம் வேலையா? நம் கைக்கு எட்டுவது நம் தளம் மட்டும்தான்.

உகப்பாக்கம் என்ற சொல்லோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. கணிதத்தில் அது நன்றாக உட்கார்ந்துவிட்டது: ஒரு சார்பு (ஃபங்ஷன்), சில கட்டுப்பாடுகள், அவற்றுக்குள் பெருமத்தையோ சிறுமத்தையோ காண்பது. இங்கே அந்தச் சார்பு யாருடைய கையில் இருக்கிறது? தேடுபொறி எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்று முழுதாகச் சொல்வதில்லை, சொன்னதையும் மாற்றிக்கொண்டே இருக்கிறது. கூகுளின் ‘பாண்டா’ மாற்றம் 2011இல் சத்தில்லாத பக்கங்களைக் கீழே இறக்கியது. 2012இல் ‘பெங்குவின்’ செயற்கையாகச் சேர்த்த இணைப்புகளைக் குறிவைத்தது. 2015இல் கைப்பேசியில் படிக்க வசதியில்லாத பக்கங்கள் கைப்பேசித் தேடலில் பின்தங்கின. சார்பே தெரியாத இடத்தில் பெருமம் காண்கிறோம் என்று பெயர் வைப்பது கொஞ்சம் அதிகப்படி.

> ‘தேடல் முன்னிலை’ அல்லது ‘தேடல் முதன்மையாக்கம்’ எப்படி? வணிகர்களுக்குச் சட்டென்று புரியும்.

புரியும், அதுதான் பயம். ‘முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம், உத்தரவாதம்’ என்று மின்னஞ்சல் அனுப்புகிறவர்களுக்கு இந்தச் சொல் இலவச விளம்பரமாகிவிடும். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. கிடைக்காத ஒன்றைத் தாவலின் தலையில் எழுதக் கூடாது.

என் முன்மொழிவு: தேடல் துலக்கம். துலங்குதல் என்றால் தெளிவாகத் தெரிதல். தளம் தேடலில் துலங்குகிறது. நாம் தளத்தைத் துலக்குகிறோம். அதைத் தொழிலாகச் செய்பவர் துலக்குநர். தன்வினை, பிறவினை, ஆள்பெயர் மூன்றும் ஒரே வேரில் கிடைக்கின்றன. ‘உகப்பாக்குநர்’ என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

> உங்கள் இலக்கணப்படியே ‘தேடல் துலக்கம்’ என்றால் துலக்கப்படுவது தேடல் ஆகாதா?

நல்ல பிடி. ‘தேடல் துலக்கல்’ என்று வைத்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். கலங்கு – கலக்கம், மயங்கு – மயக்கம் போலத் துலங்கு – துலக்கம். தன்வினையில் பிறந்த பெயருக்குச் செயப்படுபொருள் கிடையாது. ஆகவே மேடைப்பேச்சு மாதிரி, ‘தேடலில் துலக்கம்’ என்று ஏழாம் வேற்றுமையாகத்தான் விரியும். தலைப்பில் துலக்கம், பொத்தானில் ‘தளத்தைத் துலக்கு’ என்று வையுங்கள்.

> துலக்குதல் என்றதும் பாத்திரம்தான் நினைவுக்கு வருகிறது.

வரட்டும். உள்ள பாத்திரத்தின் கறையைப் போக்குவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதியும். உடைந்த இணைப்பு, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு, திறக்கத் திணறும் படங்கள் – இவற்றைச் சரிசெய்யாமல் மேலே பூச்சு பூசிப் பயனில்லை. வேகத்துக்கு அளவுகோலே இருக்கிறது: பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் சொல்லும் நல்ல அளவு.

> உகப்பு என்பதற்குத் தொல்காப்பிய உரியியல் ‘உயர்தல்’ என்றே பொருள் சொல்கிறது. தேடலில் உயர்வது என்று கொண்டால் உகப்பாக்கம் பொருந்திவிடுகிறதே?

இதை எழுதியவருக்கு என் வணக்கம், இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த வாதம் இதுதான். ஆனால் இன்று ‘உகந்த’ என்பதற்கு ஏற்ற, பிடித்த என்றுதான் பொருள்கொள்கிறோம். உரியியலைத் துணைக்கு அழைத்து விளங்கவைக்க வேண்டிய சொல்லை ஒரு தாவலில் போட முடியாது. தவிர, உயர்தல் என்று வந்தால் மறுபடியும் முன்னிலை, முதன்மை என்ற அதே சிக்கல்.

தாவலின் பெயரைவிட அதற்கு உள்ளே இருக்கும் சொற்கள்தான் எனக்கு முக்கியம். ‘என் தளம் தேடலில் வரவில்லை’ என்ற ஒரே புகாருக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. தேடுபொறியின் நிரல் பக்கத்துக்கு வந்ததா? வந்ததைப் பதிந்துகொண்டதா? பதிந்ததை எத்தனையாவதாகக் காட்டுகிறது?

வந்து படிக்கும் நிரலுக்குத் ‘தவழி’ என்று ஒருவர் சொன்னார். தவழ்தலில் வேகமும் இல்லை, நோக்கமும் இல்லை. உலாவல் என்றால் உலாவி குறுக்கே நிற்கும். நான் துழாவி என்கிறேன்: ஓர் இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கம், அங்கே கிடைத்த இணைப்பைப் பிடித்து அதற்கடுத்தது என்று துழாவிக்கொண்டே போகிறது. எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாத பக்கம் அதன் கையில் எளிதில் அகப்படாது. அதற்காகத்தான் தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் தளவரைபடக் கோப்பு.

இரண்டாவதற்கு ‘அட்டவணைப்படுத்தல்’ புழங்குகிறது. அதைக் கேட்டால் கட்டம் கட்டமான அட்டவணைதான் கண்ணில் வருகிறது. தேடுபொறியோ எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று சொல்லிலிருந்து பக்கத்துக்கு எழுதி வைக்கிறது. பழைய நூல்களுக்குப் புலவர்கள் செய்துவைத்த சொல்லடைவு இதேதான். அடைவு, அடைவேற்றம் போதும். மூன்றாவது, வரிசை. ‘தரவரிசை’ வேண்டாம் என்பேன், முன்னால் வந்ததெல்லாம் தரமானது என்று ஆகிவிடும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இந்த மூன்றும் கலந்துபோவதால் காசும் காலமும் வீணாகின்றன. தளம் கட்டும்போது, வேலை முடியும்வரை யார் கண்ணிலும் படவேண்டாம் என்று பக்கங்களின் தலைப்பகுதியில் ‘அடைவேற்றாதே’ என்ற கட்டளையை எழுதுவார்கள். தளம் திறந்ததும் அதை எடுக்க மறந்துவிடுவார்கள். உரிமையாளர் வரிசையில் பின்தங்கிவிட்டதாக நினைத்துக் கட்டுரைமேல் கட்டுரை எழுதிச் சேர்ப்பார். அவர் தளம் வரிசைக்கே வந்திருக்காது.

இதைவிட விநோதமானது, துழாவி எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில் அதைத் தடுத்துவிட்டு, பக்கத்துக்குள் ‘அடைவேற்றாதே’ என்றும் எழுதி வைப்பது. துழாவி உள்ளே வந்தால்தானே அந்தக் கட்டளையைப் படிக்கும்? வேறு தளத்தின் இணைப்பு வழியாக முகவரி தெரிந்துவிட்டால், மறைக்க நினைத்த பக்கம் விவரம் எதுவும் இல்லாமல் வெறும் முகவரியாகத் தேடல் முடிவில் வந்து நிற்கக்கூடும். 1994 முதல் புழங்கிவந்த அந்தக் கோப்பு முறை 2022இல் ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வந்தது. அந்த விதிகள் அணுகலுக்குப் போடும் பூட்டு அல்ல என்று ஆவணமே சொல்கிறது. ஆகவே உங்கள் திரையில் ‘துழாவ விடு’, ‘அடைவேற்று’ என்று இரண்டு தனிப் பெட்டிகள் வேண்டும். ‘தேடுபொறிக்குக் காட்டு’ என்று ஒன்றாக்கிவிடாதீர்கள்.

> அதே தாவலில் முக்கியச் சொற்களை இடும் பெட்டி ஒன்று இருக்கிறது. ‘திறவுச்சொற்கள்’ என்று போட்டிருக்கிறேன்.

முடிந்தால் பெட்டியையே எடுக்கச் சொல்லுங்கள். வரிசைப்படுத்த அந்தப் பெட்டியில் இடும் சொற்களை எடுத்துக்கொள்வதில்லை என்று 2009இலேயே கூகுள் அறிவித்துவிட்டது. கருத்துக்குப் பெயர் வேண்டுமென்றால் தேடுசொல். திறவுச்சொல்லைக் கடவுச்சொல்லோடு குழப்பிக்கொள்கிறார்கள். தேடுசொல் என்றால், தட்டுகிறவர் தேடுபவர் என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. நிறுவனம் தன்னை ‘ஒருங்கிணைந்த குளிரூட்டல் தீர்வுகள்’ என்று அழைத்துக்கொள்ளும். தேடுபவரோ ‘ஏசி ரிப்பேர்’ என்று தட்டுவார். பக்கத்தின் தலைப்பிலும் முதல் பத்தியிலும் வரவேண்டியது பின்னது.

‘பின்னிணைப்பு’ என்று வெளித்தளங்கள் நமக்குத் தரும் இணைப்பைச் சொல்லியிருந்தீர்கள். அது நூலின் கடைசியில் வருவதாயிற்றே! வரவிணைப்பு என்று மாற்றிவிடுங்கள்.

தமிழ்த் தளங்கள் சந்திக்கும் ஒன்றையும் அந்தத் தாவலின் உதவிக்குறிப்பில் சேர்க்கலாம். முகவரியில் தமிழ் எழுத்து வைத்தால், நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் அது விழுக்காட்டுக் குறிகளாக உடைந்துபோகும். ‘கடை’ என்ற சொல்லில் யூனிகோடு கணக்கில் மூன்று குறிகள். யுடிஎஃப்-8 என்ற குறியேற்ற முறையில் இவற்றில் குறிக்கு மூன்று பைட்டு, முகவரியில் பைட்டுக்கு (%E0 போல) மூன்று எழுத்து. ஆக 27 எழுத்து. தேடுபொறிக்கு அது புரியும், அனுப்பியவரை நம்பித் திறக்கவேண்டிய மனிதருக்குத்தான் சங்கடம். முகவரியைச் சுருக்கமாக வைக்கச் சொன்னால் போதும், தமிழே கூடாது என்று எழுதிவிடாதீர்கள். பழைய எழுத்துரு முறையில் தட்டிய பக்கங்கள் இன்னும் மிச்சமிருந்தால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் அடைவில் ஏறுவது பொருளற்ற இலத்தீன் எழுத்துக் குவியல்.

அன்புடன்.

---

மறு: மறு:

நன்றி ஐயா. ‘தேடல் துலக்கம்’ தாவலில் அடங்குகிறது. முன்பு திறக்காத இருவரிடமும் மறுபடி காட்டினேன். ஒருவர் திறந்து, ‘அடைவேற்று’ பெட்டியில் குறி இல்லையே, போடவா என்று கேட்டார். மற்றவருக்குத் ‘துழாவ விடு’ புரியவில்லை. அதன் கீழே ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன். தரவரிசையை மட்டும் மாற்றவில்லை. பழகிய சொல், அதில் நீங்கள் சொல்லும் ஆபத்து எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்து ஒன்று. ஒரே பொருளின் பக்கம் நிறம், அளவு என்று பல முகவரிகளில் வரும்போது, ‘இவற்றுள் இதையே கணக்கில் கொள்’ என்று தேடுபொறிக்குச் சுட்டும் முகவரிக்கு என்ன பெயர்? 2009இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்ற குறி அது. ‘மூல முகவரி’ என்று வைத்தால் முதலில் உருவானது என்று ஆகிவிடுகிறது. ‘தலைமுகவரி’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், கோப்பை இன்னும் அனுப்பவில்லை.