ராஜா கையில் மந்திரம்: கட்டுப்பாட்டை எப்படி நம்ப வைப்பது?

கெடிலக்கரை (கடலூர்):
நான் எழுதும் நாவலில் மந்திரம் முழுக்க அரசனுக்குச் சொந்தம். அனுமதிச் சீட்டு இல்லாமல் மந்திரம் போட்டால் தலை போகும். ஆனால் நாயகி கொல்லையில் ஒளிந்து போடுவது ராஜாவுக்கு எப்படித் தெரியும்? மாயக் கண்ணாடி, ஒற்றன் கிளி வேண்டாம்.

உப்பளத்தான் (புதுச்சேரி):
ஆளை விடுங்க, சரக்கைப் பிடிங்க. மந்திரத்துக்கு ஒரு பொருள் செலவாகணும். அது நிறுக்கக்கூடியதா, ஓரிரு இடத்தில் மட்டும் விளையுறதா இருக்கணும், உப்பு மாதிரி. 1815-இல் பிரெஞ்சுக்காரங்க தங்களோட பகுதி உப்பை வாங்கும் தனியுரிமையை ஆங்கிலேயருக்கு விட்டாங்க. அதுக்கு ஆங்கிலேயர் கொடுத்தது ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் (அந்தக் கால நாணயம்).

அடுத்து அளவு. ஒரு ராத்திரி விளக்கேற்ற 1 குன்றிமணி எடை, காயம் ஆற்ற 20, மாசப்படி 40னு வையுங்க. ஒரு காயத்தை ஆற்றிட்டா மிச்சம் 20. முப்பது ராத்திரிக்குப் பத்து இடிக்கும். அந்தப் பத்து ராத்திரி இருட்டை எதிர்வீட்டுக்காரி எண்ணுவா. கிளி எதுக்கு?

திருட்டு நடக்குற இடம் கழிவுக் கணக்கு. உப்பு அம்பாரம் மழையில் கரையும், அதனால கணக்குப்பிள்ளை கொஞ்சம் தள்ளித்தான் எழுதுவார். ஐப்பசியில் கழிவு கூடினா யாரும் கேட்க மாட்டாங்க. சித்திரையில் கூடினா எவனோ அள்ளியிருக்கான்.

தேவனாம்பட்டினம்:
எல்லையையும் யோசிங்க. 1690-இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையை மராத்தியரிடம் வாங்கினப்போ, பீரங்கிக் குண்டு எட்டின தூரம்வரை ஆங்கிலேயருக்கு. 'குண்டு கிராமங்கள்'னு பேர் வந்தது அப்படித்தான். உங்க ராஜாவுக்கும் இப்படி ஒரு கோணல் எல்லை கொடுங்க. புதுச்சேரியின் பாகூர் பக்கம் மாதிரி திட்டுத்திட்டா இருந்தா, ஒரு வரப்பில் சீட்டு செல்லும், அடுத்த வரப்பில் செல்லாது.

புரட்சிக்கு முந்தின பிரான்ஸில் உப்பு விலை மாகாணத்துக்கு மாகாணம் வேற. கடத்தல் அந்த எல்லைகளில்தான். உப்பு வரி கடுமையான மாகாணங்களில் 8 வயசுக்கு மேல் எல்லாருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு உப்புன்னு கட்டாயம். அதுவும் சமையலுக்குத்தான், உப்புக்கண்டம் போட்டா குற்றம். மந்திரத்தைத் தடுக்கிற ராஜாவைவிட, வாங்கியே ஆகணும்னு கட்டாயப்படுத்துற ராஜா பயங்கரம்.

கெடிலக்கரை:
கட்டாயக் கொள்முதல் தோணவே இல்லை! அப்போ வாங்க வழியில்லாத ஏழை தன் பங்கை நாயகிக்கு விற்கலாமே?

உப்பளத்தான்:
விற்கட்டும். ஆனா படியை வித்துட்டா விளக்குக்கு மிச்சம் இருக்காது, அவன் வீடும் இருட்டாகும். எதிர்வீட்டுக்காரி எண்ண இன்னொரு இருட்டு வீடு. இந்த அட்டவணையை முதல் அத்தியாயத்தில் கொட்டிடாதீங்க. கிடங்கில் தராசுத் தட்டை விரலால் அழுத்துற ஒரு ஆளைக் காட்டினாப் போதும்.