மாணிக்க மாலை போட்டோவுக்கு லட்ச ரூபாய் போன் தேவையா?

கேள்வி: தோவாளை மாலைக்காரன்
எங்களுக்குப் பூமாலை கட்டும் வேலை. தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் விசாரிப்பது கூடியிருக்கிறது. எல்லோரும் போட்டோ கேட்கிறார்கள். ட்யூப்லைட்டில் எடுத்தால் சிவப்பு அரளி இதழ் மடிப்பே தெரியாமல் ஒரே பட்டையாக அப்பிக்கொள்கிறது. வெள்ளை அரளி வெளிறிப்போகிறது. நொச்சி இலை மட்டும்தான் தெளிவு. ஒரு கல்யாண வீட்டார் "பிளாஸ்டிக் மாலையா?" என்றே கேட்டுவிட்டார்கள். கையில் இருப்பது பதினைந்தாயிரம் ரூபாய் போன். ஐபோன் 16 ப்ரோ வாங்கலாம் என்று மகன் பிடிவாதமாக நிற்கிறான். வெளிவந்தபோது 1,19,900 ரூபாய். இ.எம்.ஐ.யில் எடுத்தால் சிவப்பு சரியாக வருமா?

பதில்: நாகர்கோவில் ஸ்டூடியோ
அண்ணாச்சி, அவசரப்பட வேண்டாம். சிவப்பு அப்புவது விலை கூடிய போனிலும் நடக்கும். மொத்தப் படம் சரியான வெளிச்சத்தில் இருக்கும்போதே சிவப்பு மட்டும் சென்சாரின் (கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சில்லு) எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் இதழுக்கு இதழ் வித்தியாசம் பதிவாகாது. கேமராவைத் திறந்து, திரையில் வெள்ளை அரளியைத் தொடுங்கள். சூரியன் குறி வரும், கீழே இழுங்கள். படம் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தால் பரவாயில்லை, அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். கறுப்புத் துணியில் மாலையை வைத்து எடுக்கிறீர்களா? அப்படியென்றால் போன் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ட்யூப்லைட்டை விடுங்கள், விடிந்ததும் வாசல் நிழலில் எடுங்கள். பூவுக்குத் தண்ணீர் தெளித்த கையோடு போனை எடுப்பீர்கள், லென்ஸையும் துடையுங்கள்.

பதில்: குளச்சல்காரன்
வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். ஹெச்.டி. என்பதைத் தொட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இது தெரியாமல் ப்ரோ வாங்கினாலும் அந்தப் பக்கம் போய்ச் சேருவது சுருங்கிய படம்தான். இன்னொன்று: ஐபி68 (தண்ணீர், தூசி தாங்கும் தரக்குறி) என்றால் தண்ணீருக்கு அஞ்ச வேண்டாம் என்று கடையில் சொல்வார்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. என் போன் வள்ளத்தில் உப்புத்தண்ணீர் பட்டு அணைந்தது. தண்ணீர் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

பதில்: மார்த்தாண்டம் வீடியோ
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். விலை கூடிய போன் வீண் இல்லை. குமரிக் கரையில் நின்று 133 அடி வள்ளுவர் சிலையையும் கண்ணாடிப் பாலத்தையும் நெருக்கமாக எடுக்க 5 மடங்கு ஜூம் லென்ஸ் வேண்டும். எனக்கு அது சோறு போடுகிறது. ஆனால் உங்கள் மாலை மேசைமேல் கிடக்கிறது மக்கா, கடலுக்குள் இல்லையே. ரொம்ப நாள் உழைக்கும் போன்தான் வேண்டுமென்றால் கேலக்ஸி எஸ்24, பிக்சல் 8 பாருங்கள். இரண்டுக்கும் ஏழு வருட அப்டேட் என்று சொல்லித்தான் வெளியிட்டார்கள். அடுத்த மாடல்கள் வந்துவிட்டதால் விலை இறங்கியிருக்கும். 'வட்டியில்லா' இ.எம்.ஐ. என்றாலும் செயலாக்கக் கட்டணம், வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி. என்று கார்டு பில்லில் வரும்.

தோவாளை மாலைக்காரன்
வெள்ளை அரளியைத் தொட்டு இழுத்துப் பார்த்தேன். இதழ் ஓரம் தெரிகிறது! கல்யாண வீட்டாருக்கு ஹெச்.டி.யில் அனுப்பியிருக்கிறேன். மகன் இப்போது வீடியோவுக்காவது ப்ரோ வேண்டும் என்கிறான். மாலை கட்டுவதை வீடியோ எடுக்கப் பழைய போன் போதுமா?

நாகர்கோவில் ஸ்டூடியோ
தாராளமாகப் போதும். கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். எடுக்கும் முன் திரையில் அரளியை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள், கை குறுக்கே வரும்போது வெளிச்சம் ஏறி இறங்காது. ப்ரோ வைத்திருக்கும் யாரிடமாவது கேட்டு அதே மாலையை அதிலும் எடுத்து, இரண்டையும் மகனிடம் காட்டுங்கள்.