டிபிடிகே, விபிபி (கெர்னலைச் சுத்திப் போய் நெட்வொர்க் கார்டுலேர்ந்து நேரா பாக்கெட்டை எடுத்துக் கையாளுற சாஃப்ட்வேர்) பக்கம் போனவங்க அனுபவம் சொல்லுங்க

ராத்திரிஷிப்ட்:
ஃபயர்வால் பெட்டி, 10 ஜி கார்டு, தெரிஞ்ச கதைதான். 64 பைட் பாக்கெட்டா விட்டதும் கெர்னல் சாஃப்ட்ஐஆர்க்யூ (வந்த பாக்கெட்டைக் கவனிக்கிற கெர்னல் வேலை) சிபியூ கோரையே முழுங்கிடுச்சு. எஸ்எஸ்ஹெச்-ல தட்டுற எழுத்துகூட நின்னு நின்னு வந்துச்சு. அதே பெட்டியில விபிபி ஏத்தினோம், ட்ராப் நின்னுபோச்சு. அதைக்கூட விடுங்க. விபிபி-யோட 'ஷோ ரன்டைம்' கட்டளையைப் பார்த்துக்கிட்டே ட்ராஃபிக்கை ஏத்தினா, ஒரு பாக்கெட்டுக்கு ஆகுற கிளாக் (சிபியூ சைக்கிள்) எண்ணிக்கை இறங்குது! லோடு ஏற ஏற செலவு குறையுமா?

பஃபர்பாண்டி:
குறையும். விபிபி-யில ஒரு நோடு (பாக்கெட் கடந்து போற ஒரு வேலைப் படி) 256 பாக்கெட் வரைக்கும் மொத்தமா முடிச்சுட்டுத்தான் அடுத்த நோடுக்குத் தள்ளும். முதல் பாக்கெட்தான் இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷை (சிபியூ கோடை வெச்சுக்கிற வேகமான மெமரி) நிரப்பும், மிச்சதெல்லாம் அந்தச் சூட்டுலயே ஓடிடும். 10 ஜி-யில 64 பைட்னா நொடிக்கு 1.488 கோடி பாக்கெட், ஒண்ணுக்கு 67 நானோசெகண்ட். 3 கிகாஹெர்ட்ஸ் கோர்ல 200 சைக்கிள். ரெண்டு தடவை மெயின் மெமரிக்குப் போய்ட்டு வந்தாலே காலி.
என் கதை சின்னது. கார்டை விஎஃப்ஐஓ-ல (கெர்னல்கிட்டேர்ந்து கார்டை வாங்கி ப்ரோக்ராம் கையில கொடுக்கிற ட்ரைவர்) பைண்ட் பண்ணிட்டு, பாக்கெட்டைப் பார்க்க டிசிபிடம்ப் போட்டேன். இன்டர்ஃபேஸே இல்லைங்குது. ஐபி லிங்க்ல தேடினா அங்கேயும் ஆளைக் காணோம்.

வடம்பிடி:
பெருமை சரி, கரன்ட்டு யார் கொடுக்கிறது? ட்ராஃபிக்கே இல்லாத நேரத்துலயும் போல்லிங் கோர் (பாக்கெட் வந்திருக்கான்னு ஓயாம பார்த்துக்கிட்டே இருக்கிறது) 100 சதவீதம். ஷிப்ட்ல இருந்தவர் 'ப்ராசஸ் தொங்கிடுச்சு'ன்னு கில் பண்ணிட்டார். ஃப்ளட் தாக்குதலைத் தடுக்க மட்டும்னா 4.8 கெர்னல்லேர்ந்து எக்ஸ்டிபி (கெர்னலுக்குள்ளேயே பாக்கெட்டை ஆரம்பத்துலயே வடிகட்டுற வசதி) இருக்கே, ட்ரைவர்லயே தூக்கிப் போட்டுடும். இன்டர்ஃபேஸும் காணாமப் போகாது, பாண்டி.

பஃபர்பாண்டி:
எக்ஸ்டிபி-யில ட்ராப் ஆனதும் டிசிபிடம்ப்ல தெரியாதுங்க. அதையும் சொல்லுங்க.

பழையகெர்னல்:
எனக்கு விபிபி-யில பாதி வேகம்தான் வந்துச்சு, கார்டு ஒரு நூமா நோடுல (ஒரு சிபியூ சாக்கெட்டும் அதோட மெமரியும்), கோர் இன்னொண்ணுல. புதுசா வர்றவங்க கவனிங்க: முதல்ல கார்டு எந்த சாக்கெட்டுல இருக்குன்னு பாருங்க. ஹியூஜ்பேஜை (பெரிய மெமரி பக்கங்கள்) பூட் ஆகும்போதே ஒதுக்குங்க, அப்புறம் கேட்டா மெமரி துண்டுதுண்டா கிடக்கும். ஐசோல்சிபியூஸ் (மத்த வேலை ஏறாம கோரை ஒதுக்குற கெர்னல் ஆப்ஷன்) போட்டு ஒர்க்கர் (பாக்கெட் வேலை பார்க்கிற த்ரெட்) கோரைத் தனியா பிரிங்க. ஹைப்பர்த்ரெட் ஜோடி ரெண்டையும் ரெண்டு ஒர்க்கருக்குக் கொடுத்துட்டு டபுள் வேகம் எதிர்பார்க்காதீங்க. ஆர்எஸ்எஸ் (வர்ற பாக்கெட்டைப் பல க்யூவுக்குப் பிரிக்கிற கார்டு வசதி) க்யூ எண்ணிக்கை ஒர்க்கருக்குச் சமமா இருக்கணும். பயாஸ்ல பவர் சேவிங்...

ராத்திரிஷிப்ட்:
அண்ணே, நான் ட்யூனிங் கேட்கவே இல்லையே. பாண்டி, அந்த வெக்டர் அளவு (ஒரு தடவைக்கு எடுக்கிற பாக்கெட் எண்ணிக்கை) 256-ஐத் தொட்டே நிக்குதுன்னா ஒர்க்கர் திணறுதுன்னு எடுத்துக்கலாமா?

பஃபர்பாண்டி:
ஆமா. ஆர்எக்ஸ் மிஸ் கவுன்ட்டரையும் (எடுக்க ஆளில்லாம கார்டுலயே தவறின பாக்கெட் கணக்கு) பாருங்க, அது நகர ஆரம்பிச்சா இன்னொரு கோர் கொடுங்க.