புதுப்பிப்பு: எச்.ஐ.வி. மாத்திரை, எதிர்ப்புச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம்

மருந்து எதிர்ப்புச் சோதனையின் (உடலில் உள்ள வைரஸ் எந்த மருந்துக்குப் பணியாது என்று காட்டுவது) முடிவு பார்த்துத்தான் மாத்திரை தொடங்க வேண்டும் என்று படும்படி முந்தைய இழையில் எழுதிவிட்டேன். திருத்துகிறேன்: ரத்தத்தை முதலில் எடுங்கள், முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். அது வர 2 முதல் 4 வாரம் ஆகலாம். எச்.ஐ.வி. உறுதியானதிலிருந்து 7 நாளுக்குள், முடிந்தால் அன்றே மாத்திரையைத் தொடங்க வேண்டும். டொலுடெகிராவிர், டெனோஃபோவிர், லாமிவுடின் கூட்டை நம்பித் தொடங்கலாம். எஃபாவிரென்ஸ் என்ற மருந்து அப்படியல்ல, வைரஸின் மரபணுவில் வரும் கே103என் என்ற ஒரே மாற்றம் அதை முடக்கிவிடும்.

சோதனைக்கான ரத்தம் ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில்தான். உறைவைத் தடுக்கும் இன்னொரு பொருளான ஹெப்பாரின் கலந்தால், வைரஸின் மரபணுவைப் பெருக்கும் பி.சி.ஆர். வேலை கெடும்.

மருந்தை நிறுத்தி 4 வாரம் தாண்டியவர்களுக்குச் சோதனை ஏமாற்றும்: எதிர்ப்பு இல்லாத பழைய வைரஸ் பெருகி, எதிர்ப்பு வைரஸ் அதனடியில் ஒளிந்துகொள்ளும்.

கிரிப்டோகாக்கல் மூளைக்காய்ச்சல் (ஒரு பூஞ்சையால் வருவது) இருந்தால் அவசரம் கூடாது. அதற்கு மருந்து தொடங்கி 4 முதல் 6 வாரம் கழித்தே எச்.ஐ.வி. மாத்திரை.