ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ், ஆனா விரல் மடங்கல

தண்டையார்பேட்டையிலிருந்து:

பத்தொன்பது வருஷமா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். முந்தின வருஷம் மார்கழியில ஒருநாள் காலையில கத்தரிக்கோல் வளையத்துக்குள்ள கட்டைவிரல் நுழையல. பனின்னு விட்டுட்டேன். அப்புறம் ரெண்டு கையிலயும் ஆள்காட்டி விரல், நடுவிரல் கணு வீங்கிச்சு. மோதிரத்தை சோப்பு போட்டுத்தான் கழற்றினோம். அடிபம்பைப் பிடிக்க முடியாது, பத்து மணிக்கு மேலதான் கை கொஞ்சம் இளகும். மாமியார் ஒரு தடவை பார்த்துட்டு, "இது சரவாங்கிடி, எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது"ன்னாங்க. சரவாங்கின்னா முடக்குவாதம், அவங்க சொன்னதுதான் சரி. அதை ஒரு பேப்பர்ல பார்க்க எனக்கு பதினாலு மாசம் ஆச்சு.

ஒரு கிளினிக்ல ரத்தம் எடுத்தாங்க. உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற ஈஎஸ்ஆர் 58. முடக்குவாதத்துக்குப் பார்க்கிற ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ். "முடக்குவாதம் இல்லம்மா, சிக்குன்குனியா வந்து போயிருக்கும்"னு சொல்லி கால்சியமும் வலி மாத்திரையும் கொடுத்தாங்க. நம்ம ஏரியாவுல சிக்குன்குனியா வந்து மாசக்கணக்கா மூட்டு வலியோட இருந்தவங்களை நானே பார்த்திருக்கேன், அதனால நம்பினேன். எனக்குக் காய்ச்சலே வரலையேன்னு அப்பவே கேட்டிருக்கணும். யாரும் என் கணுவைத் தொட்டு அமுக்கிப் பார்க்கல, அதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறல.

என் அக்கா பொண்ணு நர்சிங் படிக்கிறா. அவதான் பைலைப் புரட்டிட்டு, "சித்தி, ஆன்ட்டி சிசிபின்னு முடக்குவாதத்துக்கு இன்னொரு ரத்த டெஸ்ட் இருக்கு, அதை எடுக்கவே இல்லையே"ன்னா. சென்ட்ரல் எதிரே ஜி.எச்.ல மூட்டுவாதப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனா. அங்க இருந்த டாக்டரம்மா பேப்பரைத் தள்ளி வெச்சுட்டு முதல்ல ஒவ்வொரு கணுவா அமுக்கினாங்க. ஒரு வாரத்துல ரிப்போர்ட் வந்துச்சு. அந்த டெஸ்ட்ல 20-க்கு மேல போனா பாசிட்டிவாம். எனக்கு 212.

நான் தையல்காரின்னு தெரிஞ்சதும் அவங்க சொன்ன விதம் மறக்காது. "உங்க உடம்புப் புரதத்துல ஆர்ஜினின்னு ஒரு கொக்கி. ஒரு நொதி வந்து அதை சிட்ருலின்னு வேற கொக்கியா மாத்திடுது. துணி அதேதான், ஆனா உங்க எதிர்ப்பு சக்தி இது நம்ம வீட்டுத் துணி இல்லைன்னு முடிவு பண்ணி அதுக்கு எதிரா ஆயுதம் செய்யுது. அந்த ஆயுதத்தைத்தான் இந்த டெஸ்ட் எண்ணுது." ஆர்ஏ ஃபேக்டர்ங்கிறது வேற ஆயுதம். நம்ம எதிர்ப்பொருளோட வால் பகுதியையே தாக்குற இன்னொரு எதிர்ப்பொருள். ஒண்ணு இல்லாம இன்னொண்ணு இருக்கலாம். இது தெரியாமத்தான் பதினாலு மாசம் போச்சு. இடது கையில ஒரு கணுவுல எலும்பு அரிச்சிருக்குன்னு எக்ஸ்ரேயில தெரியுது, அது இனி திரும்பாது.

உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எழுதுங்க. யாராவது ஒருத்தங்களுக்கு மாசங்கள் மிஞ்சட்டும்.

பெரம்பூரிலிருந்து:

சகோதரி, நான் ஆய்வகத்தில் 22 வருடமாக வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியது எங்கள் பக்கத்திலிருந்தும் சரிதான். ஆர்ஏ ஃபேக்டர் முடக்குவாதக்காரர்களில் பத்துக்கு ஏழு, எட்டுப் பேரிடம் தெரியும். ஆனால் காசநோய், ஹெபடைட்டிஸ் சி, சும்மா வயதானவர்கள் ஆகியோரிடமும் வரும். ஆன்ட்டி சிசிபி பிடிக்கும் ஆட்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான், சற்றுக் குறைவும்கூட. ஆனால் நோய் இல்லாதவரைத் தவறாகக் காட்டுவது அரிது, நூற்றில் ஐந்து அளவில்தான். இரண்டும் நெகட்டிவாக இருந்தும் நோய் இருப்பவர்களும் உண்டு. ஆகவே வீங்கிய கணுவுக்கு முன்னால் எந்தப் பேப்பரும் கடைசித் தீர்ப்பு இல்லை.

இது ஒரே நாளில் கண்டுபிடித்ததும் இல்லை. 1964-இல் நீன்ஹுயிஸ், மன்டெமா என்ற இருவர் கன்னத்தின் உள்பக்கச் செல்களை வைத்து, இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஏதோ ஒன்று போய் ஒட்டுவதைப் பார்த்தார்கள். அது எதில் ஒட்டுகிறது என்பதற்குப் பதில் கிடைக்க 1998 ஆகிவிட்டது: சிட்ருலின். பிறகு சிட்ருலின் உள்ள புரதத் துண்டை வளையமாக வளைத்துப் பரிசோதனைத் தட்டில் பூசினார்கள். அந்த வளையம்தான் (ஆங்கிலத்தில் சைக்ளிக்) சிசிபியின் முதல் 'சி'. தினமும் அந்தத் தட்டின் குழிகளில் மஞ்சள் நிறம் ஏறுவதைப் பார்க்கிறேன். ஏறும்போதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டில் பேச்சு மாறப்போகிறது என்று தோன்றும்.

ஒரு வேண்டுகோள். 212 அடுத்த மாதம் 190 ஆனதா என்று பார்க்கத் திரும்பத் திரும்பப் பணம் கட்டாதீர்கள். நோய் அடங்குகிறதா என்பதை வீக்கமும், ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற அழற்சிப் பரிசோதனைகளும் சொல்லும். மருத்துவர்களுக்காக 2010-இல் வந்த மதிப்பெண் முறையில் பத்துக்கு ஆறு எடுத்தால் முடக்குவாதம். அதில் இந்த எண் மேல்வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் மூன்று மதிப்பெண். தாண்டிய பிறகு 80, 800 எல்லாம் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

காசிமேட்டிலிருந்து:

எங்க நைனா வலை பின்னுறவரு. ரெண்டு டெஸ்டுமே ரொம்ப ஏறிக் கெடந்துச்சு. டாக்டர் மூட்டைப் பத்திக் கேக்கறதுக்கு முன்னாடி "பீடி எத்தினி?"ன்னாரு. ரெண்டு கட்டுன்னாரு நைனா. பொகை நுரையீரல்ல போய் அந்த நொதியைக் கெளப்பி விட்டுடுமாம், அங்கயே புரதம் மாற ஆரம்பிக்குமாம். அதுக்குத் தோதா பரம்பரை மரபணுவும் இருந்தா ஆபத்து பல மடங்கு பெருகுமாம். மூட்டு நோவுக்கு நெஞ்சுல கேள்வி கேக்கறாரேன்னு நெனச்சேன், அப்பால புரிஞ்சுது.

நான் எழுத வந்தது வேற. முடக்குவாதத்துக்குக் குடுக்கற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். எங்களுக்கு மருந்துக் கடையில தெனமும்னு கவர்ல எழுதிட்டாங்க. எட்டு நாள் போட்டாரு. வாயெல்லாம் புண்ணு, தண்ணிகூட எறங்கல. ரத்த அணு எறங்கிப் போயி ஒம்போது நாள் வார்டுல. பொழச்சு வந்ததே பெருசு. இப்ப எங்கூட்டுல அதுக்குப் பேரே செவ்வாக்கெழம மாத்திரை. காலண்டர்ல செவ்வாய்க்கு செவப்பு வட்டம் போட்டு வெச்சிக்கிறோம், போலிக் ஆசிட் வேற நாளு. உங்க வீட்டுல யாருக்காவது எழுதிக் குடுத்தாங்கன்னா தயவு பண்ணி வாரமா தெனமுமான்னு டாக்டர் வாயால கேட்டுட்டு வாங்க. பீடியை விட்டுட்டாரு. சாயங்காலம் கொஞ்ச நேரம் ஊசி புடிக்கிறாரு.

வியாசர்பாடியிலிருந்து:

என் கதை முடியாதது, எழுதலாமான்னு தயங்கினேன். வயசு 31. அம்மாவுக்கு முடக்குவாதம். எனக்கு மணிக்கட்டு வலி இருந்ததால ஆன்ட்டி சிசிபி எடுத்தேன், பாசிட்டிவ். வீக்கம் எங்கயுமே இல்ல, ஸ்கேன்லயும் இல்ல. "இப்ப நோய் இல்ல, மருந்தும் வேண்டாம்"னு சொன்னாங்க. ராத்திரி தூக்கமே இல்ல.

நெதர்லாந்துல 2004-ல வந்த ஒரு ஆய்வைப் பத்திப் படிச்சேன். பின்னால முடக்குவாதம் வந்த 79 பேர், முன்னால ரத்ததானம் பண்ணியிருந்தவங்க. சேமிச்சு வெச்ச ரத்தத்தை எடுத்துப் பார்த்தா கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆர்ஏ ஃபேக்டர், ஆன்ட்டி சிசிபி ரெண்டுல ஏதாவது ஒண்ணு முன்னாடியே இருந்திருக்கு, பலருக்கு நோய் வர நாலஞ்சு வருஷம் முன்னாடியே. படிச்சதும் பயம் கூடிப் போச்சு. டாக்டர்கிட்ட அழுதேன். "அவங்க எல்லாரும் நோய் வந்தவங்கம்மா. எதிர்ப்பொருள் இருந்தும் நோய் வராதவங்க அந்தக் கணக்குல இல்ல"ன்னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். ஈறுல ரத்தம் வந்துக்கிட்டிருந்தது, பல் டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. ஈறு நோய்க் கிருமி ஒண்ணுகிட்ட அதே மாதிரி நொதி இருக்காம்.

ஒரு சந்தேகம். சிட்ருலின் தர்பூசணியில இருக்குன்னு ஒருத்தர் சொன்னதால ரெண்டு கோடையா வீட்டுல யாரையும் தொட விடல. சரியா?

பெரம்பூரிலிருந்து:

தாராளமாகச் சாப்பிடுங்கள் அம்மா. அந்தப் பெயரே தர்பூசணியிலிருந்துதான் வந்தது. 1914-இல் ஜப்பானில் அதன் சாற்றிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார்கள். ஆனால் பழத்தில் இருப்பது தனி சிட்ருலின். அது நம் புரதத்துக்குள் போய்க் கொக்கியாக மாட்டிக்கொள்ளாது. பிரச்சினை செய்வது, புரதம் உருவான பிறகு அதற்குள்ளேயே ஆர்ஜினின் மாறுவது. பழத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மாறுவதும் ஆர்ஜினின் மட்டும் இல்லை. லைசின் என்ற இன்னொரு கொக்கியும் ஹோமோசிட்ருலினாக மாறும், அதற்கு எதிராகவும் எதிர்ப்பொருள் உண்டு என்று 2011-இல் லைடன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். சிசிபி நெகட்டிவான சிலரிடமும் அது இருந்தது. நம் ஊர் ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் பரிசோதனை இல்லை அது, தேடி அலையாதீர்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

வியாசர்பாடித் தங்கச்சிக்கு. நீ இப்ப நிக்கிற இடத்துல நானும் சில வருஷம் நின்னிருப்பேன் போல, எனக்குத் தெரியாமலே. உனக்குத் தெரிஞ்சிருக்கு. காலையில எழுந்ததும் கையை மூடிப் பாரு. உள்ளங்கையை விரல் தொடலைன்னாலோ, விறைப்பு அரை மணிக்கு மேல இருந்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அந்த வாரமே போ. மூணு மாசமா மாத்திரை எடுக்கிறேன், நேத்து ஒரு பிளவுஸுக்கு எட்டு கொக்கியும் நானே கட்டினேன். துணை வேணும்னா சொல்லு, ஜி.எச்.க்கு நான் வர்றேன்.