போன ஒயர் எந்தக் கணக்கில் வரும்?

கடைமடை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊர்ப் பேர் வேண்டாம், பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலின் கடைமடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்னையும் நாலு எருமையும் வைத்துப் பண்ணையம் பார்க்கிறேன். இரண்டு சமாச்சாரம் மண்டையைக் குடைகிறது. இரண்டும் ஒன்றுதானோ என்றும் தோன்றுகிறது, அதனால் ஒரே இழையில் கேட்டுவிடுகிறேன்.

முதலாவது. போன மாதம் ஒரு ராத்திரி, போர் மோட்டாருக்குப் போகிற காப்பர் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து 320 அடி. விடியக்காலம் பால் கறக்கப் போகும்போது நாய் வாய்க்கால் மேட்டையே பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் கருகிய ரப்பர் வாடை. அங்கேயே உட்கார்ந்து மேல்தோலை எரித்துவிட்டுக் கம்பியை மட்டும் சுருட்டியிருக்கிறார்கள். சாம்பலைக் காலால் கிளறினேன், ஒரு முழம் கம்பி மிச்சம் கிடந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

மரியாதையாகத்தான் பேசினார்கள். மனு வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். "எஃப்.ஐ.ஆர். எதுக்குங்க, கோர்ட்டுக்கு அலையோணும். ஆள் சிக்கினால் கூப்பிடறோம்" என்றார்கள். எங்கள் பக்கம் இந்த வருடம் என்னோடு சேர்த்து நாலு தோட்டத்தில் ஒயர் போயிருக்கிறது. நாலு வீட்டிலும் அதே ரசீதுதான். டீக்கடையில் பேப்பரைப் புரட்டினால் திருட்டு குறைந்திருக்கிறது என்று போட்டிருக்கிறது. எங்கள் நாலு ஒயரும் அந்தக் கணக்கில் இருக்கிறதா, இல்லையா?

இரண்டாவது. அம்மாவுக்கு பி.பி. மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையம் போனோம். சுவரில் தேசியத் தரச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். இடம் சுத்தம், கக்கூஸ்கூடச் சுத்தம், பொய் சொல்லக் கூடாது. நர்ஸம்மா கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு 160/100 என்று நோட்டில் எழுதினார். போன தடவையும் கிட்டத்தட்ட அதேதான். அதே மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வருகிற மக்களைத் தேடி மருத்துவம் அம்மிணியும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார். இரண்டு நோட்டிலும் அம்மா பேர் இருக்கிறது. அம்மாவுக்கு பி.பி. இறங்கியதா என்று யாராவது கூட்டிப் பார்க்கிறார்களா? அந்தச் சான்றிதழுக்கு யார், எதைப் பார்த்து மார்க் போட்டார்கள்?

நூல்கண்டு:

எல்லாம் அண்டப்புளுகு. அவர்களே எழுதி அவர்களே மார்க் போட்டுக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியும் அப்படித்தான், ஸ்டேஷனும் அப்படித்தான். விட்டுப்போட்டு வேலையைப் பாருங்க.

பழைய ரைட்டர்:

பாதி சர்வீஸை ஸ்டேஷன் ரைட்டராகவே ஓட்டியவன் நான். கடைமடை தம்பிக்கு நேர் பதில்: உங்கள் ஒயர் கணக்கில் இல்லை.

ஸ்டேஷனில் பதிவாவது மாநிலக் குற்ற ஆவணக் காப்பகத்துக்குப் போகும், அங்கிருந்து டெல்லிக்குப் போகும், வருடாவருடம் புத்தகமாக வரும். 1953ஆம் வருடத்துக் கணக்கிலிருந்து அந்தப் புத்தகம் வந்துகொண்டிருக்கிறது. அதில் எண்ணுவது பதிவான வழக்கை மட்டும்தான். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கு ரசீது, அவ்வளவே. இன்னொரு விசேஷமும் உண்டு. வீடு புகுந்து, ஆளை அடித்து, நகையைப் பறித்தான் என்று ஒரே எஃப்.ஐ.ஆரில் நாலு பிரிவு இருந்தாலும், எதற்குத் தண்டனை அதிகமோ அந்த ஒன்றில்தான் எண்ணிக்கை ஏறும். மற்ற மூன்றும் காற்றோடு போயிற்று.

ஏன் எஃப்.ஐ.ஆருக்குக் கை வராது என்றும் சொல்லிவிடுகிறேன். நம்பர் விழுந்த நிமிடமே அது கடன் மாதிரி. மாதாமாதம் கிரைம் மீட்டிங் நடக்கும். யு.ஐ. எத்தனை, அதாவது புலன்விசாரணையில் கிடப்பது எத்தனை என்று மேலே கேட்பார்கள், இன்ஸ்பெக்டர் எழுந்து நிற்க வேண்டும். அதோடு குற்றப்பத்திரிகை விகிதம் என்று ஒன்று பார்ப்பார்கள். அந்த வருடம் போலீஸ் முடித்த வழக்குகளில் எத்தனைக்குக் குற்றப்பத்திரிகை போட்டார்கள் என்பது. ஒயர் வழக்கில் என்ன ஆகும்? எரித்த கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போய் உருகிவிட்டால் அது உங்களுடையதா பக்கத்துத் தோட்டத்துடையதா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. கண்டுபிடிக்க முடியவில்லை என்றுதான் முடிப்பார்கள். அந்த மாதிரிப் பத்து சேர்ந்தால் விகிதம் படுத்துவிடும். பதிவே செய்யாவிட்டால் விகிதம் ஜம்மென்று நிற்கும். நல்ல ஸ்டேஷன் என்று பேரும் வரும். நான் எத்தனை சி.எஸ்.ஆர். எழுதினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சட்டத்தில் குழப்பம் இல்லை. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று மனுவிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே தீர வேண்டும் என்று 2013ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) ஒரு சந்து இருக்கிறது. போன பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால் அந்தத் திருட்டு இந்த வகையில் வராது, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. மனுவில் மதிப்பு எழுதினீர்களா தம்பி? "ஒயரைக் காணவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் அவர்களுக்கு வசதி.

பில்லை எடுங்கள், அடி எத்தனை, விலை எத்தனை என்று எழுதிப் புது மனு கொடுங்கள். முடியாது என்றால் அதே சட்டத்தின் 173(4) பிரிவில் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், காசு கொடுத்துவிடாதீர்கள். நாலு தோட்டக்காரர்களும் ஒன்றாகப் போய் நின்றால் வேலை சீக்கிரம் நடக்கும்.

புள்ளிக்காரம்மா:

நூல்கண்டு தம்பி, ஒரே அடியாக அடித்துவிடாதீர்கள். வட்டார சுகாதாரப் புள்ளியியலாளராக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். மாதக் கடைசியில் துணை சுகாதார நிலையத்து நோட்டுகளை எல்லாம் பரப்பிப் போட்டு ராத்திரி வரை கூட்டிக்கொண்டிருந்த கை இது.

சான்றிதழ் சும்மா வருவதில்லை. வெளியிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வருவார்கள். செக்லிஸ்ட்டில் ஒவ்வொரு வரிக்கும் 0, 1, 2 என்று மார்க். மொத்தத்தில் 70 சதவீதமாவது தேற வேண்டும். ரிஜிஸ்டரைப் பார்ப்பார்கள், ஊழியரைக் கேட்பார்கள், நோயாளியையும் கேட்பார்கள். எங்களிடம் வந்த ஒரு அம்மா ஃபைலைத் தொடவே இல்லை. நேராகக் கைகழுவும் இடத்துக்குப் போய், புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண்ணைக் கூப்பிட்டு ஆறு ஸ்டெப்பும் கழுவிக் காட்டச் சொன்னார். அந்தப் பெண் கட்டைவிரலை மறந்துவிட்டுக் குழாயை மூடிவிட்டது. அந்த வரிக்கு 1. நாங்கள் எல்லாரும் வாசலில் நின்று விரலை ஆட்டி ஆட்டிக் காட்டியும் அது திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் கடைமடை தம்பி கேட்டதும் நியாயம்தான். செக்லிஸ்ட்டில் எட்டுப் பகுதி, பலன் என்பது கடைசிப் பகுதி. மீதி எல்லாம் இடம், ஆள், மருந்து, தொற்றுத் தடுப்பு, சிகிச்சை முறை. ஆக, அந்தச் சான்றிதழ் ஆஸ்பத்திரிக்கு, உங்கள் அம்மாவின் பி.பி.க்கு இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. மேடையில் அடிபடுவது எத்தனை பேரைப் பார்த்தோம் என்ற எண். நான் பார்க்கிற எண் வேறு. பதிவு செய்தவர்களில் கடைசியாகப் பார்த்தபோது 140/90க்குக் கீழே இருந்தவர்கள் எத்தனை பேர்? 2020ல் மாநிலத்தில் எடுத்த ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம்தான். வீடு தேடிப் போக வேண்டிய காரணமே அதுதான். உங்கள் அம்மாவுக்கு இரண்டு தடவை 160/100 என்றால் மாத்திரையைக் கூட்டுவதா மாற்றுவதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். நர்ஸ் தானாக மாற்ற முடியாது. டாக்டர் இருக்கும் நாளில் இரண்டு நோட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அப்புறம் "அவர்களே எழுதி அவர்களே மார்க்" என்ற பேச்சு. தமிழ்நாட்டின் தாய் இறப்பு 2018-20ல் லட்சம் பிறப்புக்கு 54. அது எங்கள் நோட்டிலிருந்து எடுத்தது இல்லை. தலைமைப் பதிவாளர் அலுவலகம் மாதிரிக் கிராமங்களில் தனியாக எடுக்கிற கணக்கு. ஒருவர் வருடம் முழுக்கப் பிறப்பு இறப்பை எழுதிவருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் வந்து அதைப் பார்க்காமல் வீடு வீடாகக் கேட்டு எழுதுவார். அப்புறம் இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். நான் ஒன்றை மறைத்தாலும் அங்கே தெரிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அலுவலகம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. வீட்டுக்குள் பெண்ணுக்கு விழும் அடியை வீடு தேடிப் போய்க் கேட்பதோ சுகாதார அமைச்சகத்தின் குடும்ப நல ஆய்வு. 2019-21 ஆய்வில், உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுக்க 14 சதவீதம். அதிலும் பெரும்பாலும் சொந்த வீட்டு ஆளிடம். ஸ்டேஷன் வரை போனது எவ்வளவு இருக்கும் என்று ரைட்டர் அண்ணனே சொல்லட்டும்.

"உங்கள் வீட்டில் இந்த வருடம் என்ன திருடு போனது" என்று அப்படி யாரும் நம்மிடம் கேட்டு வருவதில்லை. அமெரிக்காவில் 1973லிருந்து கேட்கிறார்கள், இங்கிலாந்தில் 1982லிருந்து. இங்கே கேட்டிருந்தால் உங்கள் நாலு ஒயரும் ரசீது இல்லாமலே கணக்கில் வந்திருக்கும்.

பழைய ரைட்டர்:

அம்மா சொன்னது சரி. அந்த 14ல் எங்களிடம் வந்தவர்களையும் "புருஷன் பொண்டாட்டிச் சண்டை" என்று பேசி எழுதி வாங்கி அனுப்பிய காலம் உண்டு. அதுவும் சி.எஸ்.ஆர். தான்.

கடைமடை:

ரொம்ப நன்றிங்க. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பில் 18,400 ரூபாய்க்கு இருந்தது. நாலு பேரும் சேர்ந்து போவதாகப் பேச்சு, ஆனால் ஒருவர் வீட்டுக்கு ஒறம்பரை, அதான் விருந்தாளிகள், வந்துவிட்டார்கள், இன்னொருவர் "எதுக்குங்க வம்பு" என்று நின்றுவிட்டார். இரண்டு பேர் போனோம். மனுவில் அடி, விலை, பில் நம்பர் எல்லாம் எழுதியிருந்தேன். படித்தவர் நிமிர்ந்து பார்த்து "யார் எழுதிக் கொடுத்தது?" என்றார். நானேதான் என்றேன். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஆறரை மணிக்கு இரண்டு எஃப்.ஐ.ஆரும் கைக்கு வந்தது, காசு கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்த ஒரு முழம் கம்பியைக் கவரில் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அம்மாவை செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் காட்டினேன். இரண்டு நோட்டையும் பார்த்துவிட்டு இன்னொரு மாத்திரை சேர்த்து எழுதினார். நேற்று வந்த அம்மிணி பார்த்ததில் 148/92. இன்னும் 140/90க்குக் கீழே வரவில்லை, ஆனால் இறங்கியிருக்கிறது.

ஒயர் கிடைக்கவில்லை. புது காப்பர் போட மனசு வரவில்லை, இந்தத் தடவை அலுமினியம் போடலாம் என்று இருக்கிறேன். 7.5 எச்.பி. மோட்டாருக்கு 320 அடிக்கு எத்தனை எம்.எம். போட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்க. கடைக்காரர் ஒன்று சொல்கிறார், மோட்டார் கட்டுகிறவர் ஒன்று சொல்கிறார்.